கோயில் படியில் விழுந்த புள்ளி

குன்றின் மேல் பாறைக்கு அடியில் இருபதுக்குக் குறையாத குழிகள். ஒன்றிலும் செடி இல்லை.

திங்கட்கிழமை காலை ஏழு மணி. மும்பை, செம்பூர் போலீஸ் ஸ்டேஷன் ஹெட் கான்ஸ்டபிள் பூமாரி குத்தவைத்து உட்கார்ந்து ஒவ்வொரு குழியாகப் பார்த்துக்கொண்டு போனாள். மழை விட்டு ரெண்டு நாள்தான். மண் இன்னும் ஈரம். அவளுக்குப் பின்னால் பத்மஜா நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அரிய செடிகளும் பூச்சிகளும் எங்கெங்கே இருக்கின்றன என்று குறித்து வைக்கிற ஒரு மையம் மாட்டுங்காவில் உண்டு. அதற்கு அவள்தான் தலைமை.

"சிம்னிக் கொடின்னு நாங்க சொல்றது," என்றாள் பத்மஜா. "பூ, பழைய விளக்குச் சிம்னி மாதிரி இருக்கும். இத்தனை செடி ஒரே இடத்துல நான் வேற எங்கயும் பார்த்ததில்லை. வேரோட எடுத்துண்டு போயிட்டான்."

"இங்க இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"எங்க மையத்துக்கு மட்டும். வெளியாள் பணம் கட்டிக் கேட்டா மேப்புல ஒரு பெரிய கட்டம்தான் தருவோம். இந்தக் கட்டத்துக்குள்ள எங்கயோ இருக்கு, அவ்வளவுதான். சரியான புள்ளி என் கையெழுத்து இல்லாம வெளியே போகாது."

"போயிருக்கா?"

பத்மஜா தரையைப் பார்த்தாள். "போயிருக்கு. எங்க ஆபீஸ் பொண்ணு மாலதி அனுப்பியிருக்கா. நகுல்னு ஒருத்தனுக்கு. அடிவாரத்துல கட்டடம் கட்டப் போற கம்பெனிக்கு அவன்தான் ஆலோசனை. இங்க இந்தச் செடி இருக்குன்னா அவாளுக்கு அனுமதி கிடைக்காது."

காரணம் கிடைத்துவிட்டது, ஆளும் கிடைத்துவிட்டது. இன்ஸ்பெக்டர் சாப் கேட்டால் சந்தோஷப்படுவார். ஆனால் பூமாரி எழுந்திருக்கவில்லை.

தோண்டியவன் மண்ணைத் திரும்பப் போட்டு மிதித்துவிட்டுப் போயிருந்தான். சுற்றியிருந்த புல்லில் ஒரு பிடி மண் சிந்தவில்லை. பாறையைப் பார்த்து நின்றால் ஒவ்வொரு குழிக்கும் வலது பக்கத்தில் புல் சதுரமாகப் படுத்திருந்தது. அந்த ஈர மண்ணில் சாக்கு நெசவு வரி வரியாகப் பதிந்திருந்தது.

"ரொம்பச் சுத்தக்காரத் திருடன்க்கா," என்றான் கான்ஸ்டபிள் ஜம்பு. "எங்க வீட்டு வாசல் கூட இப்படி இருக்காது."

பூமாரி அந்த வரிமேல் விரலை வைத்தாள். சுட்டது மாதிரி எடுத்துக்கொண்டாள்.

"போட்டோ எடுல," என்றாள். பிறகு பத்மஜாவிடம், "இந்தச் செடியைப் பதிவு செய்ய யாரெல்லாம் வந்தீங்க?"

"நான் வந்தேன். பை தூக்க ஒரு கூலியாள்."

"அவன் பேரு?"

பத்மஜா யோசித்தாள். முகம் சிவந்தது. "கேக்கலை. மூணு நாள் கூட வந்தான். பையான்னுதான் கூப்பிட்டேன்."

பூமாரி அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

பத்து மணிக்கு மாலதியை ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். காட்கோபர் பெண். இருபத்துநாலு வயசு. வடாலா குடோனில் மூட்டை தூக்குகிறவரின் மகள். அவள் குடும்பத்தில் மேசை போட்டு வேலை பார்க்கிற முதல் ஆள் அவள்தான்.

"புள்ளிய நீதான அனுப்புன?"

"ஆமா மேடம். தப்பா அனுப்பிட்டேன். கட்டம் போட்ட ஃபைலும் புள்ளி போட்ட ஃபைலும் பக்கத்துல பக்கத்துல இருந்துச்சு."

"எப்ப தெரிஞ்சுது?"

"அன்னைக்கே."

"ஏன் சொல்லல?"

"பயமா இருந்துச்சு. அவமானமா இருந்துச்சு."

"நகுல் என்ன குடுத்தான்?"

"ஒண்ணும் குடுக்கல மேடம். அந்த ஆளை நான் பார்த்ததுகூட இல்ல."

"அந்தக் குன்றுக்காவது போயிருக்கியா?"

"எங்கயும் போனதில்ல. எனக்கு எல்லாச் செடியும் ஸ்கிரீன்ல புள்ளிதான்."

"பொய் சொல்லாத. இத்தன வருஷம் நானும் இந்தக் குர்சில உக்காந்து பாத்திருக்கேன்," என்று பூமாரி மேசையைத் தட்டினாள். மாலதி உடைந்து அழுதாள். அழுகிறவள் பொய் சொல்லவில்லை என்று பூமாரிக்குத் தெரியும். தெரிந்தேதான் இன்னும் ரெண்டு தரம் தட்டினாள். இந்தப் பெண்ணே செய்திருந்தால் எவ்வளவு நல்லது என்று மனசுக்குள் ஒரு குரல் ஓடிக்கொண்டே இருந்தது.

இன்ஸ்பெக்டர் சாப் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சாயங்காலத்துக்குள் கைது காட்டிவிட வேண்டுமாம்.

மதியம் சாப்பாட்டு டப்பா வந்தது. லேபர் கேம்ப்பில் பூமாரியின் வீட்டுக்கு எதிர் வீடுதான் தம்பி வீடு. தம்பி பெண்டாட்டி மாரீஸ்வரி வாரத்தில் பாதி நாள் நாத்தனாருக்கும் சேர்த்தே பொங்கிவிடுவாள். மேல் தட்டில் சோறு. கீழ்த் தட்டில் உப்புப் போட்டு அவித்த ஏதோ கிழங்கு. நெல்லிக்காய் அளவு, ஒரு பக்கம் தட்டை, உள்ளே வெள்ளை வெளேரென்று.

"இது என்ன கிழங்குக்கா?" ஜம்பு கேட்டுக்கொண்டே ரெண்டை எடுத்து வாயில் போட்டான். "தண்ணியா இனிப்பா நல்லா இருக்கு."

"மார்க்கெட்ல புதுசா வந்திருக்கும். தின்னுல." அவளும் நாலைத் தின்றாள். மாலதியிடம் தட்டை நீட்டினாள். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். மிச்சம் மூன்றை மூடி வைத்துவிட்டு, கை கழுவும்போது பூமாரிக்கு ஒரு யோசனை வந்தது.

"மாலதி, நகுலுக்கு அனுப்பின புள்ளி உன் போன்ல இருக்கா? வா, அது எங்க கொண்டு போய் விடுதுன்னு பாப்போம்."

மூன்று மணிக்குப் பத்மஜாவையும் கூட்டிக்கொண்டு குன்றில் ஏறினார்கள். போனைப் பிடித்துக்கொண்டு மாலதி முன்னால் போனாள். பாதி ஏற்றத்தில் ஒரு சின்ன அம்மன் கோயில். அதன் சிமெண்டுப் படியில் கால் வைத்ததும் மாலதி நின்றுவிட்டாள்.

"இங்கதான் மேடம். புள்ளி இந்தப் படியிலதான் விழுது."

குழிகள் இருந்த பாறை இன்னும் கூப்பிடு தூரம் மேலே இருந்தது. கோயிலைச் சுற்றி ஒரு குழி இல்லை. ஒரு புல்கூடக் கலையவில்லை.

பூமாரி பத்மஜாவைப் பார்த்தாள். "சிமெண்டுல கொடி முளைக்குமா மேடம்?"

பத்மஜா கோயில் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். "பாறைக்கு அடியில போன் இடம் பிடிக்காது. சுத்திண்டே இருக்கும். வெயில் வேற. கீழே இறங்கி வந்து, நிழல்ல சாப்பிட்டுட்டு, இங்க உக்காந்துதான் பதிவு செஞ்சேன்."

"எல்லாத்தையும்?"

"எல்லாத்தையும்."

"அப்ப நம்ம காசு வாங்கிக்கிட்டுக் குடுக்கிற இடமே தப்பா?" என்றாள் மாலதி.

"காலையில மாலதி பேரைச் சொன்னப்பவே, புள்ளி பாறையில விழாதுன்னு எனக்குத் தெரியும்," என்றாள் பத்மஜா. "சொன்னா மையத்து மானம் போயிடும்னு வாயை மூடிண்டேன்."

பூமாரி சொன்னாள்: "புள்ளிய நம்பி வந்தவன் இந்தப் படியச் சுத்தித்தான் தேடியிருப்பான். தோண்டினவன் ஒரு எடத்துலயும் தேடல. நேரா பாறைக்கே போயிருக்கான். அவனுக்குப் புள்ளி வேண்டியதில்ல, எடம் தெரியும். மாலதி செஞ்சது பிசகு. ஆனா திருட்டு அதால நடக்கல."

மாலதி படியிலேயே உட்கார்ந்து முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள்.

"அப்ப யாருக்கா?" என்றான் ஜம்பு.

பூமாரி கேட்க வேண்டிய கேள்வி ஒன்று பாக்கி இருந்தது.

"மேடம், அந்தச் செடியோட கிழங்கு எப்படி இருக்கும்?"

"சின்னது. நெல்லிக்காய் அளவு. ஒரு பக்கம் தட்டையா, உள்ள வெள்ளையா, தண்ணிச் சத்தா..."

ஜம்பு பூமாரியைப் பார்த்தான். அவன் கை தானாக வயிற்றுக்குப் போனது.

"இந்த ஊர்ல கேபிள் குழி தோண்டுறவன் மண்ண ரோட்டுல கொட்டக்கூடாது," என்றாள் பூமாரி. யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னாள். "கொட்டுனா வேல வாங்குற முகாதம் கூலியப் பிடிப்பான். அதனால பக்கத்துல சாக்கு விரிச்சு, அதுல மண்ணப் போட்டு, வேலை முடிஞ்சதும் அப்படியே குழியில தட்டி மிதிப்பான். பழகின கை, ஆளில்லாத மலையிலயும் அப்படியேதான் செய்யும். சோத்தாங்கைக்காரவ எல்லாரும் சாக்க இடது பக்கம் விரிப்பாவ. இங்க எல்லாக் குழிக்கும் வலது பக்கம் விரிச்சிருக்கு. தோண்டினவன் பீச்சாங்கைக்காரன். அப்படி ஒருத்தன் எங்க எதிர் வீட்டுல இருக்கான். எங்கூடப் பொறந்தவன். மாரிக்கண்ணன்."

பூமாரி போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டு, எல்லோரும் கேட்கும்படி வைத்தாள்.

"சொல்லுக்கா. டப்பா வந்துச்சா? மாரீஸ்வரி கிழங்கு வச்சிருக்காளே, நல்லா இருந்துச்சா?"

"எங்கல தோண்டுன?"

"செம்பூர் குன்றுலதான். அடிவாரத்துல நாங்க கேபிள் குழி தோண்டுற சைட்டுக்கு ஒரு நகுல் சாப் வருவாரு. ரெண்டு நாளா அம்மன் கோயில் படியிலயே போனப் பாத்துக்கிட்டுச் சுத்துனாரு. பாவமா இருந்துச்சு. 'சாப், நீங்க தேடுற கொடி இங்க இல்ல, மேல பாறைக்கு அடியில'ன்னு நாந்தான் காமிச்சுக் குடுத்தேன். மாட்டுங்கா அம்மாவுக்குப் பை தூக்கிக்கிட்டு வந்திருக்கேன்லா, எனக்குத் தெரியும்."

பத்மஜா கண்ணை மூடிக்கொண்டாள்.

"தோண்டி என்ன செய்யச் சொன்னாரு?"

"தூர வீசிருன்னாரு. நம்ம சைட்டு மராட்டிக்காரன் ஒருத்தன் பச்சையாவே கடிச்சுத் தின்னுட்டு நல்ல கிழங்குன்னான். தின்னுற பொருள யாருக்கா வீசுவா?"

"மிச்சம் இருக்கா?"

"பாதிக்கு மேல இருக்கு. ஈரச் சாக்குல சுத்தி வச்சிருக்கேன். வேணுமா உனக்கு?"

"வேணும். ஒண்ணையும் அடுப்புல ஏத்தாதிய. வீட்ட விட்டு எங்கயும் போகாத. நா ஜீப்புல வாரேன்."

"ஜீப்புலயா?" என்று அவன் சிரித்தான். "ஒரு கிழங்குக்காகவாக்கா?"

அவள் போனை வைத்தாள்.

"அந்த நகுலையும் கூட்டிட்டு வரச் சொல்லு," என்றாள் ஜம்புவிடம். பிறகு மாலதிக்கு முன்னால் போய் நின்றாள். "சாக்கு வரியக் காலைல பாத்தவொடனயே எனக்குச் சந்தேகம் வந்துட்டு, தாயி. வந்தும் ஒன்ன அழ வச்சேன்."

மாலதி முகத்திலிருந்து துப்பட்டாவை எடுக்கவில்லை. பூமாரி அதை எதிர்பார்க்கவும் இல்லை.

கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்துக் கோயில் படியில் வைத்துத் திறந்தாள். உள்ளே மூன்று கிழங்குகள் ஆறிப்போய்ச் சுருங்கிக் கிடந்தன.

"இதுதான மேடம்?"

பத்மஜா குனிந்து பார்த்தாள். ஆமென்று தலையை ஆட்டினாள்.

"எழுதிக்கோல ஜம்பு. கைப்பற்றிய பொருள், அவிச்ச கிழங்கு மூணு. ஹெட் கான்ஸ்டபிள் பூமாரி தின்னது நாலு. கான்ஸ்டபிள் ஜம்பு தின்னது ரெண்டு."

ஜம்பு பேனாவைத் திறந்தவன் அப்படியே நின்றான். "அதையும் எழுதணுமாக்கா?"

"எழுது," என்றாள் பூமாரி. "ருசியா இருந்துச்சுன்னும் எழுது."