மிக்கேல் பர்னாந்து கொடுத்த பை

உரிப்பி எந்திரம் வந்த ஏழு வருடங்களில் இரத்த வகை என்ற ஒன்றையே ஊர் மறந்திருந்தது. யார் கொடுத்தாலும் ஒரே தொட்டியில் ஊற்றுவார்கள். சிவப்பணுக்கள் மேலிருக்கும் ஏ, பி பூச்சுகளை எந்திரம் உரித்துவிடும். கீழ்க்குழாயில் பொதுக்குருதி இறங்கும். எல்லாப் பைகளிலும் ஒரே முத்திரை: அனைவருக்கும் பொருந்தும். முத்திரை இல்லாத பையைக் குளிர்ப்பெட்டி ஏற்காது.

துறைமுகத்தை அடுத்த மருத்துவமனையில் உரிப்பியைப் பார்த்துக்கொண்டவன் இசக்கியப்பன். அவன் மனைவி வடிவு அதைச் சக்களத்தி என்பாள்.

பெண் குழந்தை பிறந்து அரை மணி நேரமாகியும் வடிவுக்கு உதிரம் நிற்கவில்லை. பையை அவனே கொண்டுவந்து மாட்டினான்.

"மூத்தவ குடுத்து விட்டாளாக்கும்" என்றாள். உதடு வெளுத்திருந்தது.

கால் பை இறங்குவதற்குள் உடம்பு தூக்கிப் போட்டது. "முதுகு பொளக்கு. அத நிறுத்துங்க."

நிறுத்தினார்கள். உரிப்பி தவறாது என்றார் மருத்துவர். இசக்கியப்பன் அவள் இரத்தத்தில் ஒரு துளியைப் பைத் துளியோடு கண்ணாடித் தகட்டில் கலந்தான். பால் திரிவதுபோல் திரிந்தது. வேறு பையை எடுத்தான். அதுவும் திரிந்தது.

கல்லூரியில் ஒரு பத்தி படித்திருந்தான். ஏ, பி போனபின் அடியில் ஒரு பூச்சு மிஞ்சும். பல்லாயிரத்தில் ஒருவருக்கு அதுவும் கிடையாது. அந்த உடம்பு மற்ற எல்லா இரத்தத்தையும் பகையாகப் பார்க்கும். பம்பாய் வகை என்று பெயர். அவர்களுக்கு அவர்களேதான் கொடுக்க முடியும்.

அப்படிப் பதினோரு பேரின் பெயரும் முகவரியும் எழுதிய அட்டைகள் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. போன ஆயுத பூசைக்கு அறையைக் கழுவியபோது அவன்தான் அவற்றைப் பழைய காகிதத்தோடு எடைக்குப் போட்டான். பிறகு உரிப்பிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தான்.

ஒரு முகம் நினைவிலிருந்தது. துறைமுகத்தில் பளுதூக்கி ஓட்டும் மிக்கேல் பர்னாந்து. பம்பாயைப் பார்க்காத பம்பாய்க்காரன் என்று தன்னையே கேலி செய்துகொண்டு, நான்கு மாதத்துக்கு ஒருமுறை வந்து கையை நீட்டுவார். அந்த இரத்தமும் தொட்டிக்குத்தான் போனது. துறைமுகத்துக்குப் போன் செய்தான். ஆள் கப்பலருகே, பளுதூக்கியின் உச்சியில் இருப்பதாகச் சொன்னார்கள். இறக்கி அனுப்பச் சொன்னான்.

நாலு பத்துக்கு வடிவு இறந்தாள்.

ஐந்து மணிக்கு மிக்கேல் மூச்சிரைக்க வந்து சட்டைக் கையை மடித்தார். "எவ்வளவு வேணுமோ எடுங்க தம்பி. தாயி எப்படி இருக்கு?"

"பொண்ணு பொறந்திருக்கு" என்றான். ஊசியைக் குத்தினான்.

அவர் போனபின் பையில் அவர் பெயரை எழுதிக் குளிர்ப்பெட்டியில் வைத்தான். பெட்டி வெளியே தள்ளியது. மறுபடி வைத்தான். மறுபடி தள்ளியது. மீதிப் பத்துப் பேரில் யாருக்காவது நாளை தேவைப்படலாம். யாரென்று யாருக்கும் தெரியாது, அவர்களே மறந்தும் இருக்கலாம்.

பை கையில் வெதுவெதுப்பாக இருந்தது. வெளியே வைத்திருந்தால் கெட்டுப்போகும். சட்டப்படி வீணாக்கக் கூடாது.

தொட்டியைத் திறந்து ஊற்றினான். சற்று நேரத்தில் கீழே ஒரு பை இறங்கியது. அனைவருக்கும் பொருந்தும்.