மூடியின் மேல் ஒரு பூந்தொட்டி

“ஐயோ... டோனல்!”

அசம்டாவின் அலறலில் பாதிரியார் கையிலிருந்த டீக்கோப்பை நழுவியது.

கில்ரோனா கிராமத்தில் முறைவைத்து வீட்டுக்கு வீடு பூசை நடக்கும். இந்த முறை டோனல், அவர் மனைவி அசம்டா வீடு. அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் முப்பது பேர் செபித்து, சான்ட்விச் சாப்பிட்டு முடித்தும் வீட்டுக்காரரைக் காணவில்லை!

கழிவறை பொங்கியது. இரண்டு பேர் கொல்லைக்கு ஓடினார்கள். செப்டிக் டேங்கின் இரும்பு மூடி மேல் ஒரு பூந்தொட்டி. அதை நகர்த்தி, மூடியை இழுத்தார்கள்.

உள்ளே... டோனல்!

அரைமணி நேரத்தில் போலீஸ் சார்ஜென்ட் நோரீன் வந்துவிட்டாள்.

“அடைப்பை எடுக்க இறங்கியிருக்கார், சரி. மேல மூடினது யாரு? தொட்டி வேற வெச்சிருக்காங்களே!”

பாதிரியார் நெளிந்தார்.

“நேத்து பப்ல பக்கத்துப் பண்ணை மலக்கிக்கும் இவனுக்கும் வாய்ச்சண்டை. ‘உன் டேங்க் கசிஞ்சு என் கிணறே நாசமாப் போச்சு. உன்னை அதுக்குள்ளயே போட்டு மூடறேன்’னு மலக்கி கத்தினானாம்...”

“அப்படிப்பட்டவர் இங்க எதுக்கு வந்தாரு?”

“பூசைக்கு யாரும்மா வராம இருப்பா? பாதாளச் சாக்கடை வந்திருந்தா இந்தச் சண்டையே இல்ல. இருபத்திரண்டு வருஷமா டோனல் கவுன்சிலுக்கு எழுதறான். ‘அடுத்த திட்டத்துல பாக்கலாம்’... அதே பதில்!”

கொல்லைச் சுவரோரம் மலக்கி நின்றிருந்தார். எழுபது வயது. பசு உதைத்ததில் இடது கை மாவுக்கட்டில் தொங்கியது.

“நான்தான் மூடினேன். கைது பண்ணும்மா.”

கூட்டம் மொத்தமும் அவர் பக்கம் திரும்பியது!

நோரீன் அவரை மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் இழுத்துப் போனாள்.

“ரெண்டு கையாலயும் பிடிச்சு இழுத்தாதான் அந்த மூடி நகரும். ஒத்தக் கையால எப்படி?... யாரைக் காப்பாத்தறீங்க?”

மலக்கி குரலைத் தாழ்த்தினார்.

“என் கேட்டுலேர்ந்து பார்த்தேன். அசம்டாதான் மூடினா. ஃபாதர் வர்ற நேரத்துல நாத்தமடிக்குதேன்னு மூடி, அழகா இருக்கட்டும்னு பூந்தொட்டியும் வெச்சா. உள்ள ஆள் இருக்கான்னு அவளுக்கு என்ன தெரியும்? எனக்கே தெரியாதே!... அவகிட்ட சொல்லிடாதேம்மா. கொலைகாரன்னு பேர் எனக்கு வரட்டும். இது தெரிஞ்சா அவ தாங்க மாட்டா.”

“தெரியும், மலக்கி.”

திடுக்கிட்டுத் திரும்பினார்கள்.

அசம்டா! ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை.

“மூடியத் திறந்த அந்த நிமிஷமே தெரிஞ்சு போச்சு. நான்தான் மூடினேன் சார்ஜென்ட்... எழுதிக்கோங்க. நாப்பத்தோரு வருஷம் கூட வாழ்ந்தவரை நானே மூடிட்டு, உள்ள போய் செபம் சொல்லிட்டிருந்தேன். சான்ட்விச் நல்லாருக்குன்னாங்க... சிரிச்சேன்.”

அவள் அழவில்லை. அதுதான் நோரீனுக்குத் தாங்க முடியவில்லை.

“அம்மா... டாக்டர் பார்த்துட்டார். விஷவாயு. இறங்கின ரெண்டாவது மூச்சுலயே போயிட்டார். நீங்க மூடறப்ப உயிரே இல்ல. சத்தியமா!”

வாசலில் கார் சத்தம் கேட்டது.

பையோடு இறங்கியவர்... டாக்டர்! அப்போதுதான் வருகிறார்!

அசம்டா காரைப் பார்த்தாள். நோரீனைப் பார்த்தாள். அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, முதல்முறையாக ஓவென்று அழுதாள்.

மலக்கி சட்டைக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு டேங்க் பக்கம் திரும்பினார்.

“பார்த்தியா டோனல்... ஒரு சாக்கடைக் குழாய்க்கு இருபத்திரண்டு வருஷமா ஒருத்தன் பொறுப்பேத்துக்கல. ஒரு மூடிக்கு ரெண்டு பேர் அடிச்சுக்கறோம்!”