பத்தாவது பெயர்

கைபேசிக் குரல் பர்னபாஸ் என்று சொல்லிவிட்டு நின்றது. பிறகு கோவிந்தன் என்றது. மறுபடியும் நின்றது. அடுப்படியில் கெண்டை மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்த ரெபேக்கா கத்தியை அப்படியே பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினாள். பத்துப் பெயர்களையும் ஒரே வரியில், நடுவே வெறும் கமா போட்டு எழுதியிருந்தாள். மூச்சுவிடாமல் கடகடவென்று படித்துத் தள்ள வேண்டிய இயந்திரக் குரல், ஒவ்வொரு பெயருக்கும் பிறகு ஒரு மனுஷன் பதில் சொல்ல எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் காத்திருந்தது. ஒன்பதாவது பெயர் சௌந்தரராஜன். அதற்கப்புறம் ஈரவிரலால் திரையைத் தட்டி நிறுத்தினாள்.

ஆப்பில் ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தாள். தன் புது நாவலை அன்று காலை சர்ச் முடிந்து வந்ததும் ஆன்லைனில் ஏற்றி, வெளியிடு என்ற பட்டனையும் அழுத்தியாகிவிட்டது. ஏற்றிய பிறகு முழுப் புத்தகத்தையும் கைபேசியை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்பது அவள் வழக்கம். கண்ணுக்குத் தப்பிய பிழை காதுக்குத் தப்பாது. என்ன, எப்போதும் வெளியிட்ட பிறகுதான் அது கிடைக்கும்.

இது அவளுடைய மூன்றாவது ஃபேன்டஸி நாவல். பதிப்பாளர் என்று யாரும் கிடையாது; அட்டைப்படம்கூட அவளே கைபேசியில் செய்தது. பெங்களூருக்கு வேலைக்குப் போகும் காலை ரயிலில், நின்றபடியே, மற்றவர்களின் தடித்தடி ஃபேன்டஸி நாவல்களைப் படிப்பாள். மாலை ரயிலில் கட்டைவிரலால் தன்னுடையதை எழுதுவாள். பனிமலையும் கோட்டையும் படித்துப் படித்துச் சலித்துப்போய், பூமிக்குக் கீழே நூறு லெவல் ஆழத்தில் ஒரு ராஜ்யத்தைக் கட்டினாள். அதன் அரசனுக்குப் பத்து வீரர்கள். அவர்களுக்குப் பெயர் வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. யோசித்ததெல்லாம் பெயின்ட் கம்பெனிப் பெயர் மாதிரியே இருந்தது.

அப்போதுதான் அப்பா ஞானதாஸின் பைபிளுக்குள் மடித்து வைத்திருந்த அந்தத் தாள் கையில் கிடைத்தது. அவள் கைக்குழந்தையாக இருந்தபோது நைட் ஷிப்டில் சுரங்கம் இறங்கிய அவருடைய கேங்கின் பட்டியல். பாறை வெடித்து, அவர்கள் இறங்கிய லெவலின் சுரங்கப் பாதையே மூடிக்கொண்டது. ஒன்பது பேரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. பத்தாவது ஆளான ஞானதாஸ் அன்று காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தார். ஒன்பது பெயர்களையும் ரெபேக்கா எடுத்துக்கொண்டாள். பத்தாவதாக அப்பா பெயரையும் சேர்த்தாள். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் அரசன் ஒவ்வொருவராகக் கூப்பிடுவான், அவர்கள் எழுந்து வருவார்கள். அப்பாவுக்குச் செய்கிற மரியாதை என்று அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. மேலே உயிரோடு இருக்கிற மனுஷனைக் கீழே போனவர்களோடு சேர்த்து எழுதுகிறோமே என்பது மட்டும் உறைக்கவே இல்லை.

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வரியின் தொடக்கத்திலிருந்து மறுபடி ஓடவிட்டாள். மணி ஆறுகூட ஆகவில்லை. சுரங்கத் தொழிலாளர்களுக்கென்று கட்டிய பாலகாட் லைன் வீடுகளின் தகரக் கூரைகளில் வெயில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. யார் வீட்டிலோ குக்கர் விசில் அடித்தது. பின்னறையில் அப்பாவின் ஆக்சிஜன் மிஷின் உறுமிக்கொண்டிருந்தது.

பர்னபாஸ், என்றது குரல்.

அந்த இடைவெளியில் யாரோ இருமினார்கள். நெஞ்சில் கல்தூள் கட்டியவர்களின் இருமல். அவளுக்கு அது பிறந்ததிலிருந்து பழக்கம். ஆனால் அப்பாவின் இருமல் பின்னறையிலிருந்து வரவேண்டும். இது அவள் காலடியில், சிமெண்ட் தரைக்குக் கீழே வெகுதூரத்திலிருந்து வந்தது. கூடவே ஈரக் கல்லும் வெடிமருந்தும் கலந்த ஒரு நெடி, மீன் கவுச்சியையும் தாண்டி மூக்கில் ஏறியது. பெயர்கள் போகப் போக, ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு குரல். சொல் புரியவில்லை. குரல் என்பது மட்டும் புரிந்தது. சௌந்தரராஜன் வந்ததும் நிறுத்தினாள்.

"ரெபேக்கா," என்று அப்பா கூப்பிட்டார். "யாரு மஸ்டர் எடுக்கிறது?"

சுரங்கத்தில் ஆட்களை ஏற்றிய கேஜ் கூண்டு இறங்குவதற்கு முன் பெயர் கூப்பிடுவதற்குத்தான் மஸ்டர் என்பார்கள். அவள் பின்னறை வாசலில் போய் நின்றாள்.

"என் கதை, நைனா. போன் படிக்குது."

"பர்னபாஸுக்கு இருமல் இன்னும் வுடலியே."

அவரிடம் அவள் இந்தக் கதையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"நீ படு நைனா. ஒண்ணும் இல்ல."

"ஒம்போது பேரும் குரல் குடுத்துட்டாங்க. அடுத்தது நான்தான்." அவர் கண்கள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தன. "பேரு கூப்டா சும்மா இருக்கக் கூடாதும்மா. செத்துட்டான்னு வுட்டுட்டுப் போயிடுவாங்க."

"நீ பதில் சொல்லக் கூடாது. இன்னா கூப்டாலும் சொல்லக் கூடாது. எனக்காக, நைனா."

அவள் கைபேசியில் பன்னிரண்டாம் அத்தியாயத்தைத் திறந்து அப்பாவின் பெயரை அழித்தாள். திருத்திய கோப்பை மறுபடி ஏற்றினாள். திருத்தம் வாசகர்களைச் சென்றடைய எழுபத்திரண்டு மணி நேரம் வரை ஆகலாம் என்று திரையில் பணிவாக ஒரு செய்தி வந்தது. கைபேசியை அணைத்துக் கட்டிலில் போட்டாள். அம்மா போன பிறகு இந்த வீட்டில் அவளுக்கென்று இருப்பது இந்த ஒரு மூச்சுச் சத்தம்தான். அதை யாருக்கும் கொடுக்க முடியாது.

அப்போது பக்கத்துச் சுவரிலிருந்து அதே இயந்திரக் குரல் கேட்டது.

பன்னிரண்டாம் அத்தியாயம்.

பக்கத்து வீட்டு பவ்யா. ரெபேக்காவின் எந்தப் புத்தகம் வந்தாலும் முதலில் வாங்கும் பெண். கைபேசியைச் சத்தமாக வைத்துக்கொண்டு, துணி மடித்தபடியே கேட்பாள். லைன் வீடு, இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். ரெபேக்கா உள்ளங்கையால் சுவரை அடித்தாள்.

"பவ்யா, நிறுத்தும்மா. தயவுசெஞ்சு நிறுத்து."

"அக்கா, சூப்பரா போகுதுக்கா," என்றாள் பவ்யா அந்தப் பக்கத்திலிருந்து. "ஒன் மினிட், இந்தச் சாப்டர் முடிச்சிட்டு வரேன்."

ஓடிப்போய்ப் பிடுங்கிவிடலாம் என்று திரும்பினாள். அப்பா உட்கார்ந்திருந்தார். இரண்டு வருஷமாகத் தானாக எழுந்து உட்காராத மனுஷன், முதுகை நிமிர்த்தி, சட்டைப் பட்டனைக் கழுத்துவரை போட்டுக்கொண்டிருந்தார்.

பர்னபாஸ்.

கீழே ஒரு குரல். இப்போது சொல் தெளிவாகப் புரிந்தது. இருக்கேன்.

கோவிந்தன்.

இருக்கேன்.

அவள் கட்டிலுக்குப் பாய்ந்தாள். அப்பாவைப் படுக்கவைத்து, வலது கையால் அவர் வாயைப் பொத்தினாள். ஆக்சிஜன் குழாய் அவள் மணிக்கட்டில் உரசியது. மூக்கை விட்டுவிட்டு வாயை மட்டும். அவருக்கு மூச்சு முட்டுகிறதோ, நானே கொன்றுவிடுவேனோ என்று பயமாக இருந்தது. கையை எடுக்கவில்லை.

ஐந்து. ஆறு. ஒவ்வொரு பதிலும் முந்தியதைவிட அருகில். ஏழு. தரை குளிர்ந்தது. எட்டு.

சௌந்தரராஜன்.

இருக்கேன். கட்டிலுக்கு நேர் கீழே.

ஞானதாஸ், என்றது சுவர்.

அவர் உதடுகள் அவள் உள்ளங்கைக்குள் அசைந்தன. அழுத்தினாள். உடம்பு பாரம் முழுக்கக் கொடுத்து அழுத்தினாள். சத்தம் வரவில்லை. குரல் காத்திருந்தது. கீழே ஒன்பது பேரும் காத்திருந்தார்கள். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்தான். குரல் அடுத்த வரிக்குப் போகவில்லை. அவள் அழுதாள். அப்பா அவளையே பார்த்தார், பாசமாக, மன்னிப்புக் கேட்பதுபோல.

அவர் இடது கை கட்டிலின் இரும்புச் சட்டத்தைத் தொட்டது.

டங். டங்.

வாய் நிறைய மண் அடைத்துக்கொண்டவர்கள் அப்படித்தான் பதில் சொல்வார்கள், குழாயைத் தட்டி. எட்டாம் அத்தியாயத்தில் அவளே எழுதியிருந்தாள்.

கட்டில் இறங்கியது. சத்தமே இல்லை. நான்கு காலும் ஒரே சீராக, கேஜ் இறங்குகிற மாதிரி, சிமெண்டுக்குள். தலையணை. போர்வை. அப்பாவின் காது. அவள் மண்டியிட்டாள். கையை எடுக்கவில்லை. எடுத்தால் போய்விடுவார். தரை அவர் நெற்றிமேல் மூடியது. பழைய விரிசலோடு, காய்ந்து, கெட்டியாக.

"அக்கா," என்றாள் பவ்யா வாசலில். "இன்னாக்கா ஆச்சு?"

அறை வெறுமையாக இருந்தது. ஆக்சிஜன் மிஷின் உறுமிக்கொண்டிருந்தது. அதன் குழாய் நேராக இறங்கித் தரைக்குள் போயிருந்தது. ரெபேக்காவின் வலது கை மணிக்கட்டுவரை சிமெண்டுக்குள் இருந்தது. உள்ளங்கையில் சூடான மூச்சு. பிறகு உதடுகள். அவை மெதுவாகப் பிரிந்தன, ஒரு முறை மூடின, மறுபடி திறந்தன. கீழே அவர் ரெபேக்கா என்று கூப்பிட்டார். காத்திருந்தார். மறுபடி கூப்பிட்டார்.

அவள் இடது கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.