இறங்கும் விசில்... ஏறும் விசில்!

"மேடம்... காப்பாத்துங்க மேடம்!"

அலறிக்கொண்டே ஸ்டேஷனுக்குள் ஓடி வந்து விழுந்தாள் மாரிசெல்வி.

நெற்றி பிளந்து ரத்தம் புருவத்தைத் தாண்டி வழிந்துகொண்டிருந்தது. கல்லடி!

சப்-இன்ஸ்பெக்டர் அழகுமீனா பதறி எழுந்தாள்.

"யாரும்மா அடிச்சது?"

"ஊரே அடிக்கிது மேடம்! நாலு பொம்பளைகளக் கொன்னவன் பொண்டாட்டி இங்கன குடியிருக்கக் கூடாதாம்..."

அழகுமீனா அவளைத் தூக்கி பெஞ்சில் உட்கார வைத்தாள்.

ஆறு நாட்களுக்கு முன்னால்தான் அச்சங்குளம் பக்கம் அந்தப் பட்டாசுக் கம்பெனி வெடித்துச் சிதறியது. லைசென்ஸை நிறுத்தி வைத்திருந்த கம்பெனி. உள்ளே யாரும் வேலை செய்திருக்கவே கூடாது.

செய்திருந்தார்கள்!

ஐந்து பிணங்கள். நான்கு பெண்கள். ஐந்தாவது, மருந்து கலக்கும் பாண்டிராஜ். மாரிசெல்வியின் புருஷன்.

அந்த உடலுக்கு முகமும் இல்லை, கைகளும் இல்லை. சட்டைப் பையில் பாதி கருகிய கம்பெனி கார்டு மட்டும் இருந்தது. அதில் பாண்டிராஜின் பெயர். அந்தக் கார்டை நம்பி உடலை ஒப்படைத்தார்கள். காகிதத்தில் கையெழுத்துப் போட்டது அழகுமீனாதான்.

வெடித்ததற்கு மறுநாள் சாயங்காலம் முதலாளி கருத்தப்பாண்டி வெள்ளை வேட்டி கசங்காமல் ஸ்டேஷனுக்கு வந்தார். தன் போனை மேஜை மேல் வைத்தார். வெடித்த அன்று காலை எட்டு மணிக்கு பாண்டிராஜ் தன்னிடம் பேசியது தானாகவே பதிவாகியிருக்கிறது என்றார்.

'மொதலாளி... பாண்டிராஜ் பேசுறேன். சாவி எங்கிட்டத்தான் இருக்கு. நாலு பொம்பளைகளக் கூட்டியாந்து நானே வேலைய ஆரம்பிச்சிட்டேன். நீங்க வேணாம்னாலும் கேக்க மாட்டேன்...'

பின்னணியில் ஒரு விசில் வெடியின் கூச்சல். அவ்வளவுதான்!

முதலாளி தப்பித்தார். செத்தவன் கொலைகாரன் ஆனான். அந்த ஆடியோ எப்படியோ ஊரில் உள்ள அத்தனை போனுக்கும் போய்விட்டது.

"மாரிசெல்வி... அந்தக் குரல் உன் வீட்டுக்காரரோடது இல்லையா?"

"கொரலு அவருதுதான் மேடம். அத நான் எப்படி இல்லேன்னு சொல்ல? ஆனா யாரோ எழுதிக் குடுத்தத ஒப்பிக்கிற மாதிரி இருக்கு. அவரு குடிப்பாரு... பொய் சொல்லுவாரு... ஆனா தானா போயி வேலைய ஆரம்பிக்கிற ஆளு இல்ல மேடம்! சொன்ன வேலையையே செய்ய மாட்டாரு!"

ஏட்டு கருப்பணன் பஞ்சை எடுத்து அவள் நெற்றியில் அழுத்தினார்.

"அது பொய்னு மட்டும் நிரூபிச்சிருங்க மேடம். எனக்கு வேற ஒண்ணும் வேணாம். நான் இந்த ஊர்ல தல நிமிந்து நடக்கணும்!"

அப்போதுதான் அழகுமீனாவின் போன் அலறியது.

எடுத்தாள். செல்வலட்சுமி. மதுரையில் ஒலி ஆய்வு செய்கிற நிபுணர். மூன்று நாட்களுக்கு முன்னால் அந்த ஆடியோவை அவளுக்குத்தான் அனுப்பியிருந்தாள்.

"அழகு... அந்த விசிலைக் கவனிச்சியா?"

"வெடி விசில்தானே? மேல கத்திட்டு போகப் போக இறங்கும்."

"இறங்குதுல்ல? அதுக்கு அடியில இன்னொரு மெல்லிசான விசில் இருக்கு. அது ஏறுது!"

"புரியலையே..."

"ஸ்டூடியோவுல சத்தத்தை செகண்டுக்கு நாப்பத்தெட்டாயிரம் தடவை அளந்து பதிவாங்க. அதுதான் சாம்பிள் ரேட். போன் கால்ல பதிவாகுறது பதினாறாயிரம் தடவை. பெரிசைச் சின்னதா மாத்தணும்னா, சின்னதுல அடங்காத மேல்சத்தத்தை முதல்ல வடிகட்டணும். நல்ல சாஃப்ட்வேர் பொறுமையா வடிகட்டும். அவசர செட்டிங்ல போட்டா வடிகட்டாது. மிச்ச சத்தமெல்லாம் கீழ மடிஞ்சு விழும்... தலைகீழா! அசல் இறங்க இறங்க, பொய் ஏறும்!"

"போனே அப்படிப் பதிஞ்சிருக்கலாமே?"

"போன் வடிகட்டிட்டுத்தான் பதியும். இது மியூசிக் சாஃப்ட்வேர்ல வேகவேகமா மாத்துனது. போன் கால் இல்லை... ஸ்டூடியோ தயாரிப்பு!"

அழகுமீனா போனை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"கருப்பணன்! கருத்தப்பாண்டியோட பட்டாசுக் கடைக்கு ஆட்டோவுல மைக் கட்டிக் கத்துறாங்களே... அந்த விளம்பரத்தை எங்க பதியிறாங்க?"

"விருதுநகர்ல விக்னேஷ்வரன் ஸ்டூடியோ மேடம்."

"ஜீப்பை எடுங்க. வழியில ரெண்டு விசில் வெடி வாங்கிக்கங்க!"

கருப்பணன் அவளை விநோதமாகப் பார்த்தார்.

"தீபாவளிக்கு இன்னும் மூணு வாரம் கிடக்கே மேடம்..."

"சிலருக்கு இன்னைக்கே!"

மாடிப்படிக்குக் கீழே ஒரு குளிரூட்டிய அறை. விக்னேஷ்வரனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கண்ணுக்குக் கீழே கறுப்பு வளையம். சீசன் நேரம். தூங்கி நாளாகியிருந்தது.

ஆடியோவை ஹெட்போனில் கேட்டான். முகத்தில் ஈ ஆடவில்லை.

"அசல் கால்தான் மேடம். இதுல வெட்டு ஒட்டு எதுவும் இல்ல."

"ஏறுற விசில்?"

ஹெட்போனைக் கழற்றி வைத்தான்.

"அது... எல்லாப் போன்லயும் வர்றதுதான் மேடம்."

"அப்படியா? பாத்துருவோம்!"

கருப்பணன் தெருவுக்குப் போய் அழகுமீனாவின் போனுக்குக் கால் போட்டார். முதல் வெடியைப் பற்ற வைத்தார். வீலென்று கத்தி இறங்கியது விசில். போனில் பதிவானதைத் திரும்பப் போட்டாள்.

இறங்கும் விசில் மட்டும்தான்!

"இப்ப உங்க மைக்கை ஜன்னல்ல வைங்க."

வைத்தான். இரண்டாவது வெடியும் கத்தி ஓய்ந்தது. கம்ப்யூட்டரில் பதிவாகியிருந்தது.

"இதை பதினாறாயிரத்துக்கு மாத்துங்க."

விக்னேஷ்வரனின் விரல் மௌஸைப் பிடித்தது. திரையில் அம்புக்குறி செட்டிங் பக்கம் மெல்ல நகர்ந்தது...

அழகுமீனா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எதையும் தொடக் கூடாது! எப்படி இருக்கோ அப்படியே!"

பட்டனை அழுத்தினான். அரை விநாடியில் வேலை முடிந்தது.

ஸ்பீக்கர் கத்தியது.

விசில் இறங்கியது... அதற்கு அடியில் இன்னொன்று ஊசி போல ஏறியது!



"ஏன்யா, வேலையத்தான் செஞ்ச. ஒழுங்கா செஞ்சிருக்கக் கூடாதா?" என்றார் கருப்பணன்.

"ஒரு நாளைக்கு நாப்பது விளம்பரம் சார்! 'பெஸ்ட்' செட்டிங்ல போட்டா ஒவ்வொண்ணும் நாலு நிமிசம் நிக்கும். சீசன் வந்தாலே 'லோ' செட்டிங்ல போட்டுருவேன். ஆட்டோவுல கட்டுற ஸ்பீக்கருக்கு யாரு தரம் பாக்கா? இதையும்... பழக்கத்துல..."

"பாண்டிராஜ் குரலை எங்கேர்ந்து வெட்டி ஒட்டுன?"

விக்னேஷ்வரன் நிமிர்ந்தான். அந்த முகத்தில் பயத்தையும் மீறி ஒரு ரோஷம் தெரிந்தது.

"நான் வெட்டவும் இல்ல, ஒட்டவும் இல்ல மேடம்! கருத்தப்பாண்டி அண்ணாச்சி ஒரு ஆளைக் கூட்டியாந்தாக. 'பேசுறதைப் பதிஞ்சு குடு, பின்னால கம்பெனிச் சத்தம் இருக்கணும்'னாக. என்கிட்ட இருந்த விளம்பர விசிலைப் போட்டேன். அம்புட்டுத்தான்!"

"யார் அந்த ஆள்?"

"பாண்டிராஜ்தான்! இந்தா... இந்த நாற்காலியிலதான் உக்காந்து பேசினாரு!"

"எப்ப?"

பதில் சொல்லாமல் திரையைத் திருப்பிக் காட்டினான்.

கோப்பு உருவான தேதி... வெடிவிபத்துக்கு மறுநாள்!

செத்தவன் மறுநாள் வந்து பேசியிருக்கிறான். அப்படியானால் தான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த உடல்...?

ஒரு மணி நேரத்தில் கருத்தப்பாண்டியைத் தூக்கினார்கள். இந்த முறை வேட்டி கசங்கியிருந்தது. இரண்டாவது கேள்வியிலேயே கக்கிவிட்டார்.

செத்தது செல்லச்சாமி. வயது அறுபத்தாறு. வெம்பக்கோட்டைக்காரர். வயது தாண்டியதால் கம்பெனி ரிஜிஸ்டரில் அவர் பெயரை ஏற்ற முடியாது. பாண்டிராஜ் வேலைக்கு மட்டம் போடும் நாளெல்லாம் அவன் கார்டில் அவர் உள்ளே போய் மருந்து கலப்பார். பாதிக் கூலி அவருக்கு, பாதி அவனுக்கு. அன்று கம்பெனியைத் திறக்கச் சொன்னது கருத்தப்பாண்டி. பாண்டிராஜ் சாராயக் கடையில் இருந்தான்.

"ஆள் மாத்தி விட்டது வெளிய தெரிஞ்சா நீயும் என்கூட உள்ளதான்னு சொன்னேன். பயந்துட்டான். பேசிக் குடுத்துட்டு மூணாறு பக்கம் போயிட்டான். தினம் போன் போட்டு வீட்டு நிலவரம், ஊர் நிலவரம் எல்லாம் கேட்டுக்கிடுவான்..."

"செல்லச்சாமியை யாரும் தேடலையா?"

"தனிக்கட்டை மேடம்... தேட ஆளில்ல..."

அழகுமீனா அவரை அடிக்கக் கையை ஓங்கினாள். பிறகு இறக்கிக்கொண்டாள். அடிபட வேண்டிய கையெழுத்து ஒன்று தன்னிடமும் இருந்தது.

மாரிசெல்வி ஸ்டேஷன் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் நான்கு தையல். வெறும் கழுத்து. வளையல் இல்லாத கைகள்.

அழகுமீனா பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னாள்.

மாரிசெல்வி நெற்றித் தையலை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"உசுரோட இருக்காரா?"

"இருக்காரு. ரெண்டு நாள்ல பிடிச்சிருவோம்."

"எனக்குத் தாலிய வாங்குனது... ஊர்ல கல்லெறியிறது... எல்லாம் தெரியுமா அவருக்கு?"

"தெரியும்."

அவள் அழவில்லை. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"பதினாறுக்குப் பந்தலுக்கும் சமையலுக்கும் சொல்லியாச்சு மேடம்."

"அவர்தான் சாகலையேம்மா... எதுக்குக் கருமாதி?"

"செல்லச்சாமி பெரியவரு செத்திருக்காருல்ல? யாரோ பேரைச் சொல்லி அவரை எரிச்சிருக்கோம். தேட ஆளில்லேன்னா செய்யவும் ஆளில்லாமப் போகணுமா? நான் செய்றேன்."

வாசல் வரை போனவள் நின்று திரும்பினாள்.

"பதினாறாம் நாளுக்குள்ள எம்புருசனையும் பிடிச்சுக் கூட்டியாந்துருங்க மேடம். ஓசிச் சோறுன்னா ஓடி வந்துருவாரு... அவருக்கும் ஒரு எலை போட்டு வைக்கேன்!"