அளவுக்கு அளவு

மத்தியானம் இரண்டு மணிக்கு அம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்தபோது அவளுடைய வலது பாதம் கனத்தது.

மீரா முதலில் தன் கையைத்தான் சந்தேகப்பட்டாள். காலையில் இரண்டு தோசை தின்றதோடு சரி, கைக்கு வலு எங்கிருந்து வரும். ஆனால் அந்த உடம்பை அவள் எட்டு மாதமாக இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டுகிறாள். பக்கவாதம் வந்து அம்மா விஜயத்தின் வலது பக்கத்தையும் பேச்சையும் கொண்டுபோன பிறகு, அவளுடைய கனம் முழுவதும் மீராவின் கைகளுக்கு மனப்பாடம். தோள் இவ்வளவு, இடுப்பு இவ்வளவு, முழங்காலுக்குக் கீழே இவ்வளவு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். அன்று பாதம் மட்டும் எங்கோ இடித்தது. தொட்டால் சில்லென்றும் இருந்தது. வெளியே ஸ்ரீவராகம் தெருவில் மூன்று நாளாக இடவப்பாதிப் பருவமழை ஓயாமல் பெய்கிறது, ஓட்டு விளிம்பிலிருந்து தண்ணீர் கயிறு கயிறாக இறங்குகிறது, வீட்டுக்குள் துணி எதுவும் காயாமல் தலையணை வரைக்கும் ஈர நாற்றம். பாதம் குளிராமல் என்ன செய்யும். கம்பளிக் காலுறையை மாட்டிவிட்டு, போர்வையை இழுத்து மூடி, கூடத்தில் லாப்டாப்பின் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

லாப்டாப்பில் ஒரு சந்தை முடியாமல் கிடந்தது. கழக்கூட்டத்துப் பக்கம் ஒரு கேம் கம்பெனியில் அவளுக்கு வேலை. அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாததால் வீட்டிலிருந்தே செய்ய விட்டிருந்தார்கள். மலைக்கு அடியில் வாழும் சித்திரக் குள்ளர்களின் சந்தை அது. விளையாடுகிறவர்கள் வாளும் கவசமும் தேடி அங்கேதான் வருவார்கள். சுரங்கமாக நீளும் ஒரே தெரு, இரு பக்கமும் பாறையில் குடைந்த கடைகள், கொல்லனின் உலை, தாடி சீவும் சீப்புக் கடை, காளான் வறுக்கும் கடை, ஒவ்வொன்றுக்கும் முன்னால் சரக்கு வைக்க ஒரு கல்மேடை. மூன்று வருஷ உத்தியோகத்தில் மீரா மனசு வைத்துச் செய்த ஒரே காரியம் இது. குள்ளர்கள் காசைத் தொடமாட்டார்கள் என்று வைத்தது அவளுடைய யோசனை. மேடையில் இருப்பது எதுவானாலும் வேண்டியவன் எடுத்துக்கொண்டு போகலாம். எடுத்த இடத்தில் அதே பொருளை, அதே அளவில், நூல் பிசகாமல் கல்லில் செதுக்கி வைத்துவிட வேண்டும். பேரம் கிடையாது. போனதைத் திரும்பக் கேட்கவும் முடியாது. அளவுக்கு அளவு என்று அந்த விதிக்கு அவளே பேரும் வைத்தாள்.

"நன்னா இருக்கு மீரா," என்று போன வாரம் டீம் லீடர் சாய் போனில் சொன்னான். "ஆனா எல்லாம் பொக்கமா, ஒசரமா இருக்கு, கேட்டியா. நம்மள மாதிரி ஆள் நின்னுண்டு கட்டின கடையாட்டமாக்கும் இருக்கு. அவா கண்ணு மூணரை அடியிலன்னா இருக்கு. நீயும் எறங்கிப் பாரேன்."

இறங்கிப் பார்த்தாள். முழங்காலில் நடந்து வீடு முழுவதும் சுற்றி, அந்த உயரத்திலிருந்து போனில் படம் எடுத்தாள். அடுக்களை உலையாயிற்று, கூடம் சந்தைத் தெருவாயிற்று. தெருக்கோடியில் வரும் கடைசிக் கடையின் மேடைக்கு மட்டும் அளவு அமையவில்லை. அப்போது அம்மாவின் கட்டில் கண்ணில் பட்டது. அம்மா உருண்டு விழுந்தாலும் அடிபடக் கூடாதென்று ஆசாரி ராஜையனைக் கூப்பிட்டுக் கால்களை அறுத்துத் தாழ்த்திய கட்டில். ஆறடி நீளம், மூன்றடி அகலம், தரையிலிருந்து ஒன்றேகால் அடி. குள்ளர்களுக்கென்றே செய்து வைத்தது போல இருந்தது. அம்மா மேலே படுத்திருக்கும்போதே டேப்பை வைத்து அளந்து, அந்த அளவை அப்படியே மேடைக்குக் கொடுத்தாள். மேடையில் என்ன சரக்கு வைப்பது என்பதை அப்புறம் யோசிக்கலாம் என்று விட்டுவிட்டாள்.

பாதம் கனத்ததற்கு மறுநாள் காலை பொன்செல்வி வந்தாள். களியக்காவிளைப் பக்கத்துப் பெண். தினம் ஒரு மணி நேரம் வந்து அம்மாவைத் துடைத்து உடை மாற்றிவிட்டுப் போவாள். மீரா அடுக்களையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். அறையில் வாளி நகரும் சத்தம் கேட்டது, துணி பிழியும் சத்தம் கேட்டது, அப்புறம் வெகு நேரம் ஒன்றுமே கேட்கவில்லை.

"அக்கா," என்றாள் பொன்செல்வி மெதுவாக. "இஞ்ச ஒண்ணு வாங்க."

காலுறையைக் கழற்றியிருந்தாள். பாதம் சாம்பல் கலந்த கறுப்பில் இருந்தது. அழுகல் இல்லை, வீக்கம் இல்லை. குதிகாலின் வெடிப்புகள் அத்தனையும் இருந்தன, சுண்டுவிரலின் சொத்தை நகம் இருந்தது, புறங்காலில் ஓடும் நரம்பு இருந்தது. பொன்செல்வி விரல் முட்டியால் தட்டிக் காட்டினாள். அம்மியில் தட்டினது போலக் கேட்டது. கணுக்கால் வரைக்கும் கல். அதற்கு மேலே தோல், வெதுவெதுப்பு, பூனைமுடி. இரண்டும் சேருமிடத்தில் ஒரு கோடுகூட இல்லை.

"மாமிக்க காலு எங்கக்கா?" என்று பொன்செல்வி கேட்டாள்.

மீரா தானும் ஒரு தரம் தட்டிப் பார்த்தாள்.

"நீங்க டாக்டர விளிங்க. எனக்குப் பேடியா இருக்கு, நான் போறேன்." வாளியை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்குப் போனவள், செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினாள். "மாமி கண்ணு எங்க பாக்குதுன்னு பாத்தியளா? நம்ம மூஞ்சியப் பாக்கல. தாழ பாக்குது. கட்டிலுக்குப் பக்கத்துல ஆரோ நிக்கிய மாதிரி."

அவள் குடையை விரித்துக்கொண்டு ஓடினாள். மீரா கதவைத் தாழிட்டாள். ஏன் தாழிட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை, பயந்தவள் கை கதவுக்குத்தான் போகும்.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். என்ன அசுகம் என்று கேட்டார்கள். கால் கல்லாகிவிட்டது என்று சொன்னால் போனை வைத்துவிடுவார்கள் என்பதால், கால் மரத்துப்போய்விட்டது என்றாள். தம்பானூர் முழுக்க வெள்ளம், சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும், சாயங்காலம்கூட ஆகிவிடும் என்றது அந்தக் குரல். மீரா அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். மனசுக்குள் ஒரு யோசனை வந்து வந்து நின்றது, அதை அவள் பத்துத் தரம் துரத்தினாள். பதினோராவது தரம் எழுந்து போய் லாப்டாப்பைத் திறந்தாள்.

சந்தைக்குள் போனாள். உலையைத் தாண்டி, சீப்புக் கடையைத் தாண்டித் தெருக்கோடி வரைக்கும் போனாள். கடைசிக் கடையின் மேடை காலியாக இல்லை. அதில் ஒரு கல்பாதம் இருந்தது. எதிர்க் கடையில், காளான் கூடைகளுக்கு நடுவே, நிஜப் பாதம். வெடித்த குதிகால். சுண்டுவிரலில் சொத்தை நகம். இரண்டு குள்ளர்கள் அதன் பக்கத்தில் நின்று தலையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களை அவள் அங்கே நிறுத்தவில்லை.

சாயைக் கூப்பிட்டாள்.

"அந்தக் காலா? நீ வச்சதுன்னுன்னா நெனச்சேன்," என்றான் சாய். "எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சுடுத்து, கேட்டியா. நேத்து சாயங்காலம் பாதம் மட்டுமாக்கும் இருந்துது. இப்போ முழங்கால் வரைக்கும் இருக்கே. அந்த நரம்பெல்லாம் எப்பிடிப் பண்றே நீ?"

"சாய், அத எடுத்துடு. அந்தக் கடையையே எடுத்துடு."

"எடுக்கறதா? டெஸ்ட்டுக்கு அனுப்பியாச்சே மீரா. முன்னூறு பேர் உள்ள இருக்கா."

"எங்க அம்மா..." என்று ஆரம்பித்தாள். அதற்குள் கரண்டு போயிற்று, போனில் சிக்னலும் போய்ச் சாயின் குரல் பாதியில் அறுந்தது.

திரையைப் பார்த்தாள். முழங்கால் வரைக்கும் இருந்தது.

அறைக்கு ஓடினாள். போர்வையை விலக்கித் தட்டினாள். முழங்கால் கல். தொடையில் பாதி கல். திரும்ப ஓடி வந்து, லாப்டாப்பில் பேட்டரி இருக்கும்போதே கடைசிக் கடையை அழித்தாள், மேடையை அழித்தாள், தான் எழுதின விதியைத் தேடிப் பிடித்து ஒவ்வொரு வரியாக அழித்தாள். திரையில் மேடை போயிற்று. அறையில் கட்டில் போகவில்லை.

அம்மாவைக் கட்டிலிலிருந்து இறக்கிவிட வேண்டும். அது ஒன்றுதான் வழி என்று தோன்றியது. அக்குளுக்குள் கை கொடுத்துத் தூக்கினாள். எட்டு மாதமாகத் தூக்கின உடம்பு ஓர் அங்குலம் அசையவில்லை. இடுப்புக்குக் கீழே இரண்டு பக்கமும் பாறை. மெத்தையோடு இழுத்துப் பார்த்தாள், விரிப்பு கிழிந்து கையோடு வந்தது. கட்டில் காலுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்திவிட்டால் அது மேடையாக இருக்காதே என்று கொல்லையிலிருந்து நாலு செங்கல் கொண்டுவந்தாள். தூக்கினால்தானே வைப்பதற்கு. தெருவுக்குப் போய்க் கத்தினாள். பக்கத்து வீடு பூட்டியிருந்தது, எதிர்வீட்டு நாகேஸ்வரன் மாமா வலியசாலையில் பெண் வீட்டுக்குப் போயிருந்தார். மழை அவள் குரலை வாசலிலேயே வாங்கிக்கொண்டது. தனியாக விட்டுவிட்டு ஓட மனசில்லாமல் உள்ளே வந்து மறுபடியும் தாழிட்டாள்.

சாயங்காலம் மழை இருட்டு முன்கூட்டியே இறங்கியது. அடுக்களைப் பக்கமிருந்து கரிப்புகை நாற்றம் வந்தது. வீட்டில் கேஸ் அடுப்புதான். அதோடு நனைந்த இரும்பின் நாற்றமும், குளிக்காத தலைமுடியின் நாற்றமும். டங். கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும். டங். மிகச் சின்னச் சுத்தியல், மிகவும் நிதானமான கை. அவசரமே இல்லாத வேலை.

மீரா கட்டிலின் பக்கத்தில் முழங்காலிட்டாள். போன் வெளிச்சத்தைத் தாழ்த்தினபோது சுவர் தெரிந்தது. போன வருஷம் அடித்த வெள்ளையில், மூன்றடி உயரத்தில், கரிக் கை அச்சுகள். குட்டையான தடித்த விரல்கள். வாசற்படியிலிருந்து கட்டில் வரைக்கும், ஒன்றன் மேல் ஒன்றாக. நின்று பார்த்தால் கண்ணில் படாத உயரம்.

அம்மாவின் இடது கை மட்டும் இன்னும் சூடாக இருந்தது. அதை எடுத்துக்கொண்டாள். பேச்சு போன பிறகு அந்தக் கைதான் அம்மாவின் பேச்சு. ஒரு தரம் அமுக்கினால் ஆமாம், இரண்டு தரம் அமுக்கினால் வேண்டாம்.

"அம்மா, யாராவது இங்க இருக்காளா?"

ஒரு தரம்.

"நெறையப் பேரா?"

ஒரு தரம்.

"வலிக்கறதாம்மா?"

இரண்டு தரம். மீராவுக்கு அழுகை வந்தது. கட்டிலின் மேல் சாய்ந்து, இரண்டு கைகளையும் நீட்டி, அம்மாவின் விரல்களுக்குள் தன் விரல்களைக் கோத்துக்கொண்டாள்.

"நான் இங்கயே இருக்கேன். உன்னை விட்டுட்டு எங்கயும் போகமாட்டேன்."

இரண்டு தரம்.

"பயப்படாதே. வண்டி வரும்."

இரண்டு தரம். உடனே மறுபடி இரண்டு தரம். அம்மாவின் கை விலகப் பார்த்தது. பயந்துபோயிருக்கிறாள் என்று மீரா இன்னும் இறுக்கிப் பிடித்தாள். இரண்டு தரம். இரண்டு தரம். பிறகு ஒன்றே ஒன்று, அதுவும் பாதியில் நின்றது.

குளிர்.

அம்மாவின் விரல்களிலிருந்து ஆரம்பித்து மணிக்கட்டுக்கு ஏறியது. மீரா நிமிர்ந்து பார்த்தாள். அம்மாவின் கழுத்து சாம்பல் நிறம். தாடை. உதடு. கண் மட்டும் ஈரமாக மிச்சமிருந்து, அவளைப் பார்த்தது. அன்று முதல் தடவையாக அவளைத்தான் பார்த்தது. அப்போதுதான் மீராவுக்கு அந்த இரண்டு இரண்டு தரமும் புரிந்தது. போ என்று சொல்லியிருக்கிறாள். அம்மா அவளைப் போகச் சொல்லியிருக்கிறாள்.

பிறகு கண்ணும் காய்ந்தது.

கையை இழுத்தாள். வரவில்லை. கோத்த விரல்களுக்கு நடுவே கல் விரல்கள், நூலளவு இடைவெளி இல்லை. முறுக்கினாள். தோல் உரிந்தது. வரவில்லை. எங்கோ தெருமுனையில் ஆம்புலன்ஸின் சத்தம் கேட்டது. வாசற்கதவைத் தட்டினார்கள். "சேச்சி," என்று கூப்பிட்டார்கள். பதில் சொல்ல வாயைத் திறந்தாள். காற்று மட்டும் வந்தது.

உள்ளே சுத்தியல் நின்றது.

முழங்காலிட்டிருந்தாள். இரண்டு கைகளும் முழங்கை வரைக்கும் கட்டிலின் மேல் நீட்டிக் கிடந்தன. அவள் காதுக்குப் பக்கத்தில், அவள் காதின் அதே உயரத்தில், யாரோ மூச்சு விட்டார்கள்.

முழங்கையில் ஒரு கட்டைவிரல் அழுந்தியது. சொரசொரப்பாக. சூடாக. அங்கிருந்து மணிக்கட்டை நோக்கி ஒரு சாண். நிறுத்தம். இன்னும் அரைச் சாண். பிறகு, சரிபார்க்கிறவர்கள் செய்வது போல, மறுபடியும் முழங்கையிலிருந்து.