ஈரச் சாக்குக்குள் சூரியன்

எண்பத்தாறாம் வருஷக் கோடையில், நல்லம்பள்ளி ரோட்டோர நெடுஞ்சாலைத் துறை ஷெட்டில், ராஜமேரி என்றொரு பெண் கோணிச் சாக்கை எடுத்துச் சூரியனையே மூடி வைத்தாள். ஒருநாள் இரண்டு நாளில்லை, வாரக்கணக்கில். நம்பமுடியவில்லையா? பெற்ற தகப்பன், கேங் மேஸ்திரி சவுரியப்பனே நம்பவில்லை. உங்களை என்ன சொல்ல...

அந்த வருஷத்து வெயில் சாதாரண வெயிலா? ஷெட்டில் அடுக்கியிருந்த தார் டிரம்கள் தாமாகவே உருகி, ரோட்டுக் குழிகளைத் தேடிக்கொண்டு ஓடும். இவ்வளவு வெயிலும் வீணாகிறதே என்று மேலிடத்தில் யாருக்கோ வருத்தம் வந்து, ஷெட் வாசலில் ஒரு சோலார் தகட்டை நட்டுவிட்டுப் போனார்கள். இடுப்புயரக் கம்பிக்காலில் சாய்ந்து நிற்கும் கறுப்புக் கண்ணாடி. பகலெல்லாம் வெயிலைக் குடித்துப் பேட்டரியில் சேர்த்துவைக்கும். பொழுது சாய்ந்ததும் ரோட்டு வளைவில் சிவப்பு விளக்கு எரியும். வெயில் அடிக்கும்போது விளக்கு எதற்கு, இருட்டின பிறகு வெயில் ஏது என்று சவுரியப்பன் கேட்டார்.

அதைப் பார்வையிடத் தருமபுரி ஆபீசிலிருந்து வந்தான் ஸ்தனிஸ்லாஸ். புது எலக்ட்ரிகல் சூப்பர்வைசர். அவன் சட்டையின் இஸ்திரி மடிப்பில் வெள்ளரிக்காய் நறுக்கலாம். பஸ்ஸைவிட்டு இறங்கியவன் அப்படியே நின்றான். சர்க்கார் தகடு முழுக்க வெங்காய வடகம்.

யார் வேலை இது என்று அவன் அதட்ட, ரோடு ரோலருக்குப் பின்னாலிருந்து வந்தாள் ராஜமேரி. அப்பாவோடு கேங் வேலைக்கு வருகிறவள்.

"நான்தானுங்க. வடகம் போடத் தோதாத்தானே சாய்ச்சு வெச்சிருக்குது?"

அந்தக் கண்கள்... அவற்றைப் பார்த்துவிட்டு ரோலரே ஒருதரம் பள்ளத்தில் இறங்கியதாக ஷெட்டில் பேச்சுண்டு. ஸ்தனிஸ்லாஸ் எம்மாத்திரம்? திட்டுவதற்குச் சேர்த்துவைத்திருந்த வார்த்தையெல்லாம் கலைந்து போயிற்று. அந்த நேரம் பார்த்துக் கோடை மழை பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் வடகத்தை வாரினார்கள். அவன் சட்டைப்பை நிறைய வடகம். அவள் இமை நிறைய மழை. எதை எங்கே போடுவது என்று தெரியாமல் அவன் விழிக்க, அவள் முந்தானையை ஏந்தினாள்.

போகும்போதுதான் அவனுக்கு உத்தியோகம் ஞாபகம் வந்தது. புதுச் சாமான், கண்ணுபோலப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மேஸ்திரியிடம் கறாராகச் சொன்னான்.

அப்படிச் சொன்னதுதான் வினையாயிற்று. பாலத்துக்குப் போட்ட புதுச் சிமெண்டு வெயிலில் வெடிக்காமலிருக்க ஈரச் சாக்குப் போட்டு மூடுவதுதான் மேஸ்திரிக்குத் தெரிந்த பாதுகாப்பு. புதுசென்றால் ஈரச் சாக்கு! காலையில் மகள் தகட்டை மூடுவாள். அப்பா வாளித் தண்ணீரைத் தெளிப்பார். சாயங்காலம் விளக்கு எரிகிற வேளையில் சாக்கை எடுத்துவிடுவார்கள்.

விளக்கு எப்படி எரியும்?

தகவல் போக, ஸ்தனிஸ்லாஸ் ஆபீஸ் முடிந்து சாயங்கால பஸ்ஸில் வந்தான். தகடு கல்யாணப் பெண்போலப் பளபளவென்றிருந்தது. வயர் சரி, பேட்டரி சரி... சார்ஜ் மட்டும் இல்லை. மறுவாரமும் அதே கதை. படித்த படிப்பு தப்பா, சூரியன் தப்பா? தலை கிறுகிறுத்தது. டார்ச் பிடித்துக்கொண்டு ராஜமேரி பக்கத்தில் நின்றால் அது வேறு தினுசுக் கிறுகிறுப்பு. எது எந்தக் கிறுகிறுப்பென்று பிரித்துப் பார்க்க அவனால் முடியவில்லை.

தகட்டின் மேல் மரநிழல்கூட விழக்கூடாது என்று அவளுக்கு விளக்கினான்.

"ஒரு துணி விழுந்தாக்கூடவா சார்?"

"துணி விழுந்தா அவ்வளவுதான்."

அவள் தலையைக் குனிந்து சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம்... அதியமான்கோட்டை தாண்டும்வரை பஸ்ஸில் யோசித்தும் பிடிபடவில்லை.

அடுத்து வந்தது எஞ்சினியரின் உத்தரவு. தகட்டைக் கழற்றித் திருப்பி அனுப்ப வேண்டியது. ஒரு விளக்கை எரியவைக்கத் தெரியாத சூப்பர்வைசரை ராமநாதபுரத்துக்கு மாற்ற வேண்டியது. ஸ்பேனரோடு அவன் முதன்முதலாகக் காலை பஸ்ஸில் வந்து இறங்கினான்.

தகட்டின் மேல் ஈரம் சொட்டச் சொட்டக் கோணிச் சாக்கு.

தான்தான் போடச் சொன்னதாகச் சவுரியப்பன் பெருமையாகச் சொன்னார். ஒரு கீறல் உண்டா பாருங்க சார் என்றார். ஸ்தனிஸ்லாஸ் அவரைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தான்.

"உங்கிட்டதான் சொன்னேனே... தெரிஞ்சுமா மூடினே? என்னை ராமநாதபுரத்துக்கே மாத்துறாங்க."

அவள் கால்விரல் ஜல்லியைக் கிளறியது. "விளக்கு எரிஞ்சுட்டா... நீங்க எதுக்குங்க வரப்போறீங்க?"

அவனுக்குக் கோபம் வந்தது. எஞ்சினியர் முன்னால் தலைகுனிந்து நின்றது இதற்காகவா? ஸ்பேனரை மாட்டினான். ஒரு போல்ட்டு கழன்றது. அடுத்ததும் கழன்றது. மூன்றாவது அசையவில்லை. யானையைக் கட்டி இழுத்தாலும் அசைந்திருக்காது, ஏனென்றால் அவன் அதை இறுக்குகிற பக்கமாகவே திருகிக்கொண்டிருந்தான்.

"கழட்டாதீங்க சார். எஞ்சினியருகிட்ட நானே வந்து சொல்றேன், தப்பு எம்மேலதான்னு. உங்களை அவ்வளவு தூரம் அனுப்பிடக்கூடாது..."

குரல் உடைந்துவிட்டது. அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"விளக்கு எரிஞ்சாலும் பேட்டரிக்குத் தண்ணி ஊத்த வரணும். தெரியுமா?"

நனைந்த கண்கள் நிமிர்ந்தன. "இதை அன்னிக்கே சொல்றதுக்கென்ன? வாராவாரமுங்களா?"

"தண்ணிக்கு மாசம் ஒருதரம் போதும்." அவன் காது சிவந்தது. "வாராவாரம் வர்றது... உனக்காக."

அவளே சாக்கை உருவினாள். தகடு அன்று குடித்த வெயிலில் தருமபுரியில் பாதிப்பேருக்குக் குளிரெடுத்தது. பொழுது சாய்ந்ததும் வளைவில் சிவப்பாக எரிந்தது விளக்கு. சேலம் போகிற லாரிகள் மரியாதையாக வேகம் குறைத்தன. ராமநாதபுரத்து உத்தரவுக்கும் இனி வேலையில்லை.

சவுரியப்பன் விளக்கடியில் போய் நின்றார். வயரைத் தடவினார். அந்தச் சிவப்பில் பக்கம் பக்கமாக நிற்கிற இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நெசந்தாம்பா. சூரியனை எம்பொண்ணு மூடித்தான் வெச்சிருக்கா," என்றார். "அதுக்குத் தண்ணி தெளிச்சவனே நாந்தானே."