பல்லி விழுந்த பலன்

"அய்யோ... அண்ணா!"

அந்த அலறலில் கேலரியின் கண்ணாடிக் கதவே ஒரு முறை அதிர்ந்தது.

கையில் குளிர்பானமும் உதட்டில் வாடகைச் சிரிப்புமாக நின்றிருந்த கூட்டம், சட்டென்று திரும்பிப் பார்த்தது.

ஆள் உயரத்துக்கும் மேலான ஒரு கேன்வாஸ். அதன் முன்னால் ஒரு பெண். லாண்டரிக் கடைச் சீருடை. முழங்கையில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு. விருந்து மேஜைக்கான வெள்ளை விரிப்புகளைத் தேய்த்துக் கொடுக்க வந்தவள். விரிப்புகள் இப்போது தரையில் கிடந்தன.

காவலாளி ஓடி வந்தான்.

"ஏம்மா, கத்தாதே! பெரிய பெரிய ஆளுங்க வந்திருக்காங்க!"

"இது எங்க அண்ணன் வரைஞ்சது! சாகறதுக்கு முன்னாடி கடைசியா வரைஞ்சது! சுவர்ல நானே பாத்தேன்!"

மாடியில் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்த ஓவியர் எட்டிப் பார்த்தார். வெள்ளைத் தாடி. கறுப்புச் சட்டை. படிக்கட்டின் கைப்பிடியை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு, நடை பழகும் குழந்தை மாதிரி ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார்.

அவருடைய வித்தை ஊருக்கே தெரியும். தெருச் சுவர்களில் யார் யாரோ வரைந்த படங்களின் மேல் பசைத் துணியை ஒட்டி, காய்ந்ததும் பெயின்ட்டோடு சேர்த்துத் தோலாக உரிப்பார். அதைக் கேன்வாஸில் ஒட்டித் துணியை எடுத்துவிடுவார். மேலே தன் தூரிகையால் நாலு வீச்சு. கீழே கையெழுத்து.

அசல் படைப்பு ரெடி!

சுவரில் இருந்தவரை அதைக் கிறுக்கல் என்றவர்கள்தான், சட்டத்துக்குள் வந்ததும் கலை என்றார்கள். நல்ல ஜனங்கள்!

ஓவியருக்கு முன்பே அவர் மனைவி அந்தப் பெண்ணிடம் வந்துவிட்டாள். கேலரியின் சொந்தக்காரி. ஆள் குள்ளம். கை மட்டும் இரும்பு. எவ்வளவு பெரிய படமானாலும் அவளே தூக்கி, அவளே மாட்டுவாள்.

"இப்ப வெளிய போறியா... போலீஸைக் கூப்பிடவா?"

"கூப்பிடுங்க! அதுக்குத்தானே கத்தறேன்!"

வந்துவிட்டது போலீஸ். முன்னால் இன்ஸ்பெக்டர்... அதிகம் பேசாத பெண்மணி. பின்னால் ஏட்டு... அதிகம் பேசும் ஆண்.

"உங்க அண்ணன் யாரும்மா?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"பேரைச் சொன்னா யாருக்கும் தெரியாது மேடம். பல்லின்னு சொன்னாத்தான் தெரியும். எந்தச் சுவர்லயும் ஏறிடுவான். எங்க வரைஞ்சாலும் ஒரு பச்சைப் பல்லி இருக்கும். மத்தவங்க எல்லாம் கடைசியில கையெழுத்து போடுவாங்க. அவன் மூலையில பல்லியைப் போட்டுட்டுத்தான் படத்தையே ஆரம்பிப்பான்."

"ஏன் அப்படி?"

"எப்ப போலீஸ் துரத்தும்னு தெரியாதில்ல மேடம்?"

ஏட்டு லேசாக இருமினார்.

இன்ஸ்பெக்டருக்கு ஞாபகம் வந்தது. போன மாதம். மூடிக்கிடக்கும் சினிமா தியேட்டரின் பின்சுவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஒரு மாடி உயரச் சாரத்திலிருந்து தலைகுப்புற விழுந்து ஒருவன் செத்துக் கிடந்தான். பக்கத்தில் மது பாட்டில். 'குடிபோதையில் தவறி விழுந்தார்' என்று எழுதி மூடியது இதே ஸ்டேஷன்தான்.

பல்லி விழுந்ததற்குப் பலன், ஒரு பழுப்பு ஃபைல்!

"எங்க அண்ணன் குடிக்கவே மாட்டான் மேடம். பெயின்ட் வாசனையே போதும், தலை சுத்துதுன்னு சொல்லுவான். ஸ்டேஷன்ல வந்து எவ்வளவோ சொன்னேன். யாரும் காதுல போட்டுக்கலை. லாண்டரியில இப்ப என்னைக் குடிகாரன் தங்கச்சின்னுதான் கூப்பிடறாங்க..." அவள் பைக்குள்ளிருந்து எதையோ எடுத்துக் கைக்குள் பொத்திக்கொண்டாள். "அந்தப் பேர் போகணும் மேடம். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

"கையில என்ன அது?"

"ஆஸ்பத்திரியில குடுத்தாங்க. செத்துக் கிடந்தப்ப அவன் கைக்குள்ள இருந்துச்சாம். பெயின்ட் துடைக்கிற கந்தல்னு சொன்னாங்க. தூக்கிப் போட மனசு வரலை. பையிலயே வெச்சிருக்கேன்."

விரித்தாள்.

உள்ளங்கை அளவுத் துணி. ஒரு பக்கம் பசை காய்ந்த மொடமொடப்பு. மறுபக்கம்... சுவரிலிருந்து உரிந்து வந்த பெயின்ட் தோல்! அதில் ஒரு பச்சைப் பல்லி.

வால் இல்லை.

இன்ஸ்பெக்டர் கேன்வாஸை நெருங்கினார். மேல் மூலையில் ஓவியரின் சிவப்பு வீச்சு, தடிமனாக. அந்தச் சிவப்புக்குக் கீழே ஒரு கிழிசலின் விளிம்பு. சிவப்பு முடியும் இடத்தில், மறைக்க மறந்துபோன குட்டியூண்டு பச்சை வால்!

துண்டை அங்கே வைத்தார். உடைந்த தட்டில் சில்லு பொருந்துவது மாதிரி, கச்சிதமாகப் பொருந்தியது.

"சார்... இந்தப் படம் எப்படிக் கிடைச்சுது?"

"நானே உரிச்சேன். அதுதான் என் பாணி. எல்லாருக்கும் தெரியுமே!"

"எப்ப உரிச்சீங்க?"

"எப்பவோ..."

"எப்பவோ இல்ல சார். துணியோட இந்த மூலை பல்லி கையில இருந்திருக்கு. அப்படின்னா நீங்க உரிச்சப்ப அவன் சாரத்து மேல நின்னிருக்கான். உயிரோட!"



மனைவி ஓவியரைப் பார்த்தாள். ஓவியர் மனைவியைப் பார்த்தார். பிறகு அந்தக் கேன்வாஸின் கீழே இருந்த தன் கையெழுத்தைப் பார்த்தார்.

"நான்தான் கொன்னேன்" என்றார்.

ஸ்டேஷன்.

ஓவியர் சொல்லச் சொல்ல ஏட்டு எழுதினார்.

"படத்துல தன்னோட பேரும் வரணும்னு கேட்டான்..."

"அதுக்கா கொலை?"

"உங்களுக்குப் புரியாது ஏட்டு. கையெழுத்துங்கறது ஒரு ஓவியனுக்கு உயிர் மாதிரி."

"பல்லிக்கும் அப்படித்தானே சார் இருந்திருக்கும்?"

ஓவியர் ஏட்டின் பேனாவையே பார்த்தார்.

"மேல சொல்லுங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

"சாரத்து மேல ஏறினேன். பேசிப் பாத்தேன். வாய்த்தகராறு முத்திடுச்சு. தள்ளிட்டேன்."

"பாட்டில்?"

"நான்தான் வெச்சேன். குடிச்சிட்டு விழுந்த மாதிரி இருக்கட்டும்னு."

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். கேன்வாஸில் போடும் அதே நீளமான, வால் சுழித்த கையெழுத்து. போட்டுவிட்டுத் தலையைச் சாய்த்து, கொஞ்சம் தள்ளி வைத்து ரசிக்கவும் செய்தார்!

"அவ்வளவுதான் மேடம், கேஸ் முடிஞ்சுது" என்றார் ஏட்டு. "இனிமே இவர் படத்தோட விலை எங்கயோ போயிடும்."

"நாளைக்குக் காலையில ஸ்பாட்டுக்குக் கூட்டிட்டுப் போவோம். எப்படித் தள்ளினார்னு நடிச்சுக் காட்டட்டும். அந்தம்மாவையும் வரச் சொல்லுங்க. அந்தப் பொண்ணையும்."

மறுநாள் காலை. தியேட்டரின் பின்சுவர்.

சாரம் இன்னும் பிரிக்கப்படாமல் நின்றது. சுவரில் படம் இருந்த இடம், சிரங்கு உதிர்ந்த தோல் மாதிரி வெளுத்துக் கிடந்தது. கீழே தரையில் ஒரு கறை. தங்கை அதைப் பார்க்காமல் இருக்க முயன்று, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓவியரின் மனைவி குடையோடு ஒதுங்கி நின்றாள்.

"ஏறுங்க சார்" என்றார் இன்ஸ்பெக்டர்.

ஓவியர் முதல் கட்டையில் கால் வைத்தார். இரண்டாவதில் வைத்தார்.

நின்றுவிட்டார்.

நெற்றியில் வியர்வை. சாரக் கம்பை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினார்.

"இறக்கி விடுங்க... ப்ளீஸ், யாராவது இறக்கி விடுங்க!"

"சார்..." ஏட்டு பரிதாபமாகப் பார்த்தார். "கீழ காலை விட்டா தரை சார். என் இடுப்பு உயரம்கூட நீங்க ஏறலை!"

இறக்கிவிட்டார்கள். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"உயரம்னா பயமா?" இன்ஸ்பெக்டர் குனிந்து கேட்டார்.

"சின்ன வயசுல இருந்தே..."

"அப்ப இவ்வளவு காலமா, அவ்வளவு உயரத்துல இருந்த படத்தை எல்லாம் உரிச்சது யாரு?"



"எங்க அண்ணன்!" தங்கை முன்னால் வந்தாள். "இப்பப் புரியுது மேடம்! யாரோ ஒரு பெரிய மனுஷனுக்கு அவனே வரைஞ்சு, அவனே உரிச்சுக் குடுப்பான். கூலி வேலை. யாருன்னு கடைசி வரைக்கும் சொன்னதில்ல. 'என் தோலை நானே உரிச்சுக் குடுக்கறேன்'னு சொல்லிச் சிரிப்பான். அன்னிக்குக்கூட... 'இந்தத் தடவை என் பேரும் வருது, அந்தம்மாவே சொல்லிட்டாங்க'ன்னு துள்ளிக்கிட்டுப் போனான்..."

அந்தம்மா!

எல்லோர் தலையும் குடைப் பக்கம் திரும்பியது.

இன்ஸ்பெக்டர் நிதானமாகத் தன் செல்போனை எடுத்தார். கேன்வாஸின் கீழ் விளிம்பைப் படம் பிடித்து வைத்திருந்தார். அங்கே பெயின்ட் தோலில் இரண்டு இடங்களில் சுருக்கம். ஒவ்வொன்றிலிருந்தும் நாலா பக்கமும் ஓடும் விரிசல்கள்.

"இதைப் பத்தி ஒரு பத்திரிகையில எழுதியிருந்தாங்க. 'காலம் வரைந்த விரிசல்'னு. காலமாவது ஒண்ணாவது! இது ரெண்டு கை. துணியைக் கீழ முறுக்கிப் பிடிச்ச ரெண்டு கை!"

"புரியலை மேடம்" என்றார் ஏட்டு.

"இவ்வளவு பெரிய துணியை உரிக்க ரெண்டு பேர் வேணும் ஏட்டு. மேல ஒருத்தர் மூலையைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா விடணும். கீழ ஒருத்தர் இதமா இழுக்கணும். மேல பல்லி நின்னான். மூலையைப் பிடிச்சுக்கிட்டு, வெளிய சாஞ்சு நின்னான். கீழ இருந்து வெடுக்குன்னு ஒரே இழுப்பு..."

தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள்.

"யாரும் மேல ஏறலை. யாரும் தள்ளலை. அவன் படத்தை வெச்சே அவனைக் கீழ இழுத்திருக்காங்க. சார், உங்க கையைக் கொடுங்க."

ஓவியரின் கை அகலமானது. நீள நீளமான விரல்கள்.

"அந்தச் சுருக்கத்தை அளந்து பாத்தேன். இந்தக் கையில பாதிதான் இருக்கும். அம்மா... நீங்க கொஞ்சம் கையைக் காட்டறீங்களா?"

குடை கீழே விழுந்தது.

மனைவி கைகளைப் பின்னால் கொண்டுபோனாள். ஒரு கணம்தான். பிறகு அவளாகவே முன்னால் நீட்டினாள். குட்டைக் கைகள். இரும்புக் கைகள்.

"ஆமா. நான்தான் இழுத்தேன். பாட்டிலும் நான் வெச்சதுதான்."

"ஏன்?"

"மூலையில இன்னொரு பேர் வந்தா ஒருத்தன் கேப்பான் மேடம்... 'அப்ப இவர் என்னதான் வரைஞ்சார்?'னு. அந்த ஒரு கேள்விக்கு நாங்க தாங்க மாட்டோம். இந்த மனுஷனோட பேரைத் தூக்கி நிறுத்தவே என் பாதி ஆயுசு போச்சு. இவர் வரைஞ்சு ஒரு படம் வித்ததில்ல. ஒண்ணே ஒண்ணுகூட!"

"பொய்!" ஓவியர் மண்ணிலிருந்து எழுந்தார். "நான்தான் கொன்னேன்! எழுதிக் குடுத்திருக்கேன்ல!"

"வீட்டுக்காரியைக் காப்பாத்தணுமா சார்?"

"இவளையா?" ஓவியர் சிரித்தார். கேட்கச் சகிக்காத சிரிப்பு. "நான் அங்க இல்லைன்னு சொன்னா, உரிச்சது யாருன்னு கேப்பீங்க. அப்புறம் வரைஞ்சது யாருன்னு கேப்பீங்க. கொலை பண்ணேன்னு சொன்னா என்ன எழுதுவாங்க? 'கொலை செய்த ஓவியர்'னு எழுதுவாங்க. ஓவியர்ங்கறதாவது மிஞ்சும்ல?"

மனைவி அவரையே பார்த்தாள். ராத்திரி முழுக்க அவள் அழுதது, தனக்காக ஒரு மனிதர் ஜெயிலுக்குப் போகிறாரே என்றுதான். இப்போது அந்தக் கண்ணீர் வீணாகிவிட்டது.

"எனக்காகன்னு நினைச்சேங்க..." என்றாள், மெல்ல.

ஓவியர் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

மனைவியையும் ஓவியரையும் வேனில் ஏற்றி அனுப்பிவிட்டு இன்ஸ்பெக்டர் ஜீப்பில் ஏறும்போது, தங்கை பின்னாலேயே வந்தாள்.

"மேடம்... எங்க அண்ணன் குடிச்சிட்டு விழலைன்னு எழுதுவீங்கல்ல?"

"எழுதுவேன்மா. தப்பா எழுதினது நாங்க. என் கையாலயே திருத்தி எழுதறேன்."

"அந்தப் படத்துல அவன் பேரு?"



"இப்ப அது சாட்சிப் பொருள்மா. கோர்ட் சீல்தான் குத்துவாங்க. இந்தப் பல்லித் துண்டையும் நான் வாங்கிக்கணும்."

அவள் பையிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தாள். கொடுத்த பிறகும் கை அப்படியே நீண்டிருந்தது. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு நடந்தாள். குடிகாரன் தங்கச்சி இல்லை என்பதை லாண்டரியில் ஒவ்வொருவரிடமும் அவளேதான் போய்ச் சொல்ல வேண்டும்.

ஜீப் கிளம்பியது.

ஏட்டு மடியில் நேற்றைய வாக்குமூலத்தை விரித்து வைத்துக்கொண்டு உதட்டைப் பிதுக்கினார்.

"வேலை ஒருத்தர் செஞ்சது. கீழ கையெழுத்து இன்னொருத்தரோடது. இதை என்ன மேடம் பண்றது?"

"அவருக்கு அது பழக்கம்தானே? ஏதாவது மூலையில போட்டு வைங்க."

"மூலையில போடறதா! ஃப்ரேம் போட்டு மாட்டணும் மேடம்... அந்த ஆளு ஆயுசுலயே சொந்தமா கற்பனை பண்ணது இது ஒண்ணுதான்!"